நாலாவது மாடிக்குப் போகும் கரடி: ஆட்டிசம் உள்ள அண்ணனும் தங்கையும் சேர்ந்து விளையாடியது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அம்மா கேட்டு வந்தது ஒரே விஷயம்தான். "ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்காங்க, ஆனா சேர்ந்து விளையாடறதே இல்ல. ஏதாவது பண்ணி விளையாட வைக்கணும்." அண்ணனுக்கு 8 வயது, ஆட்டிசம் என்று 3 வயதில் தெரியவந்தது. தங்கைக்கு 5 வயது. குழந்தைகளோடு விளையாட்டு வழியாக வேலை செய்வது என் தொழில் என்பதால் என்னிடம் வந்தார்கள். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்குப் பேச்சு உண்டு. வேண்டியதை இரண்டு மூன்று சொல் சேர்த்துக் கேட்பான், மற்றபடி எங்கோ கேட்ட வாக்கியங்களை அதே ராகத்தோடு திருப்பிச் சொல்வான். லிஃப்ட் என்றால் உயிர். "கதவுகள் மூடப்படுகின்றன", "மேலே செல்கிறது" என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அலமாரிக் கதவு, ஜன்னல் திரை, புத்தகத்தின் இரண்டு அட்டைகள், எது இரண்டாகத் திறந்து மூடினாலும் அவனுக்கு அது லிஃப்ட். தங்கை நேர் எதிர். கரடி, முயல், ஒரு கை போன பொம்மை என்று ஒரு குடும்பமே வைத்திருக்கிறாள். அவற்றுக்குக் காய்ச்சல் வரும், சண்டை வரும், பள்ளிக்கூடத்தில் திட்டு விழும். வாய் ஓயாது.

அம்மா போகிற போக்கில் சொன்ன ஒன்றை நான் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். தங்கைக்கு மூன்று வயது ஆகும்வரை இருவரும் நன்றாகவே விளையாடியிருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி ஓடுவது, தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்ப்பது, போர்வைக்குள் புகுந்துகொள்வது. அப்புறம் அவள் கற்பனை விளையாட்டுப் பக்கம் போய்விட்டாள், அவன் போகவில்லை. சின்னவள் பெரியவனைத் தாண்டிப் போகும் இந்த இடம் பெற்றோருக்கு ரொம்பவே வலிக்கும், அதைப் பற்றிப் பேசவும் செய்வார்கள். ஆனால் தன் கூட்டாளி கைவிட்டுப் போன வருத்தம் அந்தச் சின்னவளுக்கும் இருக்கும் என்பது அவ்வளவாக யாருக்கும் தோன்றுவதில்லை.

ஏற்கெனவே செய்து பார்த்தது

மாலையில் பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் "சேர்ந்து விளையாடும் நேரம்" என்று வைத்திருந்தார்கள். பந்தை உருட்டிக்கொடுப்பது, பகடை உருட்டும் கட்ட விளையாட்டு, இப்படி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணாகிட்ட குடு", "இப்ப உன் முறைடா", "தங்கச்சிக்கு தேங்க்ஸ் சொல்லு" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் அவன் எழுந்து ஓடுவதிலோ அவளைத் தள்ளிவிடுவதிலோ முடியும். அவள் அழுவாள், "அவன் பாவம்டா பாப்பா, நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்று சமாதானம் நடக்கும்.

பெற்றோரைக் குறை சொல்ல எதுவுமில்லை, அக்கறையில் செய்ததுதான். ஆனால் பள்ளியில் நாள் முழுக்கச் சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்கிவிட்டு வரும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்த மாலை நேரம்தான் நாளிலேயே மோசமான நேரம். அந்த நேரத்தைத் தேடிப் பிடித்து, அவனுக்கு ஆர்வமே இல்லாத ஒரு விளையாட்டை வைத்து, கூடவே வார்த்தைகளையும் கொட்டினால் அவன் ஓடத்தான் செய்வான்.

கவனித்தபோது தெரிந்தது

ஏற்பாடு செய்த விளையாட்டை நான் பார்க்கக் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லாமல் இருவரும் ஒரே அறையில் இருக்கும் சாதாரண நேரங்களைக் கைபேசியில் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் நான் தேடியது இவைதான்: யார் யாரை நெருங்குகிறார்கள், எப்படி, பதிலுக்கு என்ன நடக்கிறது, யார் முதலில் விலகுகிறார்கள்.

வீட்டில் எல்லோரும் நம்பியது, தங்கைதான் போய்ப் போய்க் கூப்பிடுகிறாள், அவன் கண்டுகொள்வதில்லை என்று. வீடியோவில் வேறு மாதிரி இருந்தது. அவள் பொம்மைகளைப் பரப்பி உட்கார்ந்ததும் அவன் அறையின் மறுகோடிக்கு வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, ஓரக்கண்ணால் பார்க்கிறான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டடி நெருங்கி வந்து, "கதவுகள் திறக்கின்றன" என்கிறான். அவள் நிமிரவே இல்லை. இன்னும் ஒரு தடவை சொல்கிறான், இந்த முறை அவள் தோளுக்குப் பக்கத்தில். "அய்யோ, போ அண்ணா" என்கிறாள் அவள். அவன் போய்விடுகிறான். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சத்தம் அது; அவன் அழைக்கிறான் என்று யாருமே எடுத்துக்கொள்ளவில்லை.

கேட்டதையே திருப்பிச் சொல்லும் இந்த எதிரொலிப் பேச்சுக்கு அர்த்தம் கிடையாது, அதை நிறுத்த வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். 1980களில் பேரி பிரிஸன்ட்டும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களும் அப்படித் திருப்பிச் சொல்லும் வாக்கியங்கள் கேட்கவும், மறுக்கவும், பேச்சில் தன் முறையை எடுத்துக்கொள்ளவும் பயன்படுகின்றன என்று காட்டினார்கள். இந்தப் பையனின் "கதவுகள் திறக்கின்றன" என்பதும் என் கணக்கில் 'நானும் வரட்டுமா'தான்.

தங்கை அழைக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். முகத்துக்கு நேரே போய் நின்று, ஒரே மூச்சில், "அண்ணா நீ டாக்டரு, கரடிக்கு காய்ச்சல், ஊசி போடு, போடேன், ஏன் போட மாட்டேங்கற?" நாலு வாக்கியம், அவற்றில் ஒரு பாத்திரம், ஒரு கதை, ஒரு கட்டளை, ஒரு புகார். கையையும் பிடித்து இழுப்பாள். ஒரு வீடியோவில் அவள் சலித்துப்போய்த் திரும்பிய பிறகுதான் அவன் மெல்ல கரடியின் பக்கம் கையை நீட்டுகிறான். அந்த இரண்டுக்கும் நடுவே சில விநாடிகள்தான் இடைவெளி. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் எழுதியது இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்பது பாதிதான், மற்றவருக்கும் அவரைப் புரிவதில்லை, இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார் அவர். இந்த வீட்டில் அவன் அவள் அழைப்பைத் தவறவிட்டதும் உண்மை, அவள் அவன் அழைப்பைத் தவறவிட்டதும் உண்மை. இத்தனை வருடமாகப் பயிற்சி மட்டும் அவனுக்கே நடந்துகொண்டிருந்தது.

அவன் ஓரமாக நின்று பார்ப்பதும் விளையாட்டில்தான் சேர்த்தி. 1932-ல் மில்ட்ரெட் பார்டன் நர்சரிக் குழந்தைகளைக் கவனித்து வகைப்படுத்தியபோது, நின்று வேடிக்கை பார்ப்பதும் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடுவதும் அந்த வகைகளில் இருந்தன. பிறகு வந்தவர்கள் அதைப் படிக்கட்டாக மாற்றி, கீழ்ப்படியில் நிற்பவனை எப்படியாவது மேலே தூக்கிவிட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு வேலையாகப் பத்து நிமிடம் நிம்மதியாகக் கழிந்தால் எனக்கு அது நல்ல விளையாட்டு. பெரியவர்களும் நண்பர்களோடு அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

முதலில் தங்கைக்கு ஒரு அலமாரி

விளையாட்டைத் தொடுவதற்கு முன்னால் செய்த வேலை இது. அவளுடைய பொம்மைகளுக்கு அவன் கைக்கு எட்டாத ஒரு தட்டு, அவள் கட்டி முடித்ததை யாரும் கலைக்க முடியாத ஒரு மூலை, "இப்ப வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு உரிமை. அவள் வேண்டாம் என்றால் அப்பாவோ அம்மாவோ அதை மாற்றப் பேசக் கூடாது.

அப்பா கேட்டார், "சேர்ந்து விளையாடத்தானே சார் இதெல்லாம், நீங்க பிரிக்கிறீங்களே?" நியாயமான கேள்விதான். தன் பொருள் எப்போது பறிபோகுமோ என்ற பயத்தில் இருக்கும் குழந்தை யாரோடும் சேர்ந்து விளையாடாது, பொம்மைகளை அணைத்துக்கொண்டு காவல்தான் காக்கும். எப்போதும் விட்டுக்கொடுக்கச் சொல்லப்படும் குழந்தைக்கு அண்ணன் பக்கத்தில் வந்தாலே தான் இழக்கப்போகிறோம் என்றுதான் தோன்றும். தட்டு வந்த பிறகு அவன் நெருங்கும்போது அவள் பொம்மைகளை வாரிக் கட்டிக்கொள்வது குறைந்தது. அதுவரை அவள் உடம்பில் அந்த இறுக்கம் இருந்ததே யாருக்கும் தெரியவில்லை.

அதோடு, வாரத்தில் ஒரு நாளாவது அப்பாவோ அம்மாவோ அவளோடு மட்டும் இருக்கும் நேரம். அண்ணனைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது.

ஆட்டிசத்தைப் பற்றி அவளுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை, சின்னப் பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். ஐந்து வயதுக்கு ஏற்ற மாதிரி அம்மா சொன்னது: "அண்ணா காதுக்கு சத்தம் எல்லாம் ரொம்பப் பெருசா கேக்கும். நீ பேசறது அவனுக்குப் புரிய கொஞ்சம் நேரம் ஆகும். உன்ன பிடிக்காம இல்ல." கடைசி வரியைக் கேட்டதும் "நெஜமாவா?" என்று கேட்டாளாம்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தது, கற்றுக்கொடுக்காதது

உடன்பிறந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது புதிய யோசனை அல்ல. 1983-லேயே லாரா ஷ்ரீப்மனும் உடன் ஆய்வாளர்களும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1993-ல் டேவிட் செலிபர்ட்டி, சாண்ட்ரா ஹாரிஸ் இருவரும் விளையாட அழைப்பது, பாராட்டுவது, தயங்கினால் எடுத்துக்கொடுப்பது ஆகியவற்றை உடன்பிறந்தவர்களுக்குப் பழக்கி, அவர்களால் நன்றாகவே செய்ய முடிகிறது என்று காட்டினார்கள். முடிகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செய்யச் சொல்லலாமா என்பதில்தான் தயக்கம். "சூப்பர், கரெக்டா சொன்ன!" என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லும் தங்கை, தங்கையாக இல்லாமல் குட்டி டீச்சராக ஆகிவிடுகிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பெரியவர்கள் மெச்சுவார்கள், பிள்ளை களைத்துப்போயிருக்கும்.

அதனால் அவளிடம் கேட்டது கொஞ்சம்தான். முகத்துக்கு முன்னால் போகாமல் பக்கத்தில் உட்கார். அவன் செய்வதை உன் பொருளை வைத்து நீயும் செய். ஒன்றைச் சொன்னால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு காத்திரு, பத்தும் மடங்கிய பிறகு வேண்டுமானால் திரும்பச் சொல். விரல் மடக்குவது அவளுக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டது, அப்பா பதில் சொல்லத் தாமதித்தாலும் மடக்க ஆரம்பித்துவிட்டாள்.

செய்வதையே செய்வது என்பதற்காக எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்தோம். இரண்டு அட்டைப்பெட்டி, இரண்டு செட் மூடிகள். பங்கிடுவதைக் கற்றுக்கொடுக்க வேறு நேரம் இருக்கிறது; சேர்ந்திருப்பதையும் பங்கிடுவதையும் ஒரே நாளில் கேட்டால் இரண்டும் நடக்காது. தன்னைப் போலவே ஒருவர் செய்வதைக் கண்டால் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அவரைக் கூடுதலாகக் கவனிப்பதும் நெருங்குவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது, வேலையில் அடிக்கடி பார்ப்பதும் அதுதான். இங்கே அவள் தன் பெட்டியைத் திறந்து மூட ஆரம்பித்ததும் அவன் கை பாதியில் நின்றது. அவள் பெட்டியைப் பார்த்தான், தன் பெட்டியை ஒரு முறை திறந்து மூடினான், மறுபடி அவள் பெட்டியைப் பார்த்தான். அவள் மூடினாள். அவன் சிரித்தான்.

அவனுக்கும் சில ஏற்பாடுகள். "நிறுத்து", "இன்னொரு தடவை", "போதும்" என்று மூன்று பட அட்டைகள், மூன்றையும் தங்கையும் மதிக்க வேண்டும், பெரியவர்களும் மதிக்க வேண்டும். விளையாட்டு எப்போது முடியும் என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள, நேரம் குறையக் குறைய வண்ணம் சுருங்கும் டைமர். நேரமும் மாறியது: மாலை வேண்டாம், விடுமுறைக் காலைகள், பத்து நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே முடித்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் விடாப்பிடி. "நல்லாதானே போகுது, இன்னும் கொஞ்சம்" என்று இழுத்துத்தான் பெரும்பாலான விளையாட்டுகள் அழுகையில் முடிகின்றன. கண்ணைப் பார்க்க வைப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட வைப்பது எதுவும் திட்டத்தில் கிடையாது.

அப்பாவுக்குத்தான் கஷ்டமான வேலை. கையெட்டும் தூரத்தில் உட்கார வேண்டும், யாராவது யாரையாவது அடிக்கப் போனால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது.

லிஃப்ட்

பிள்ளையின் தீவிர ஆர்வத்தையே விளையாட்டாக்குவது 2000-ல் மேரி பேக்கர் எழுதிய ஆய்வில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஓயாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை வைத்தே ஒரு விளையாட்டை அமைத்தபோது உடன்பிறந்தவர்களோடு விளையாடுவது கூடியது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், லிஃப்டைப் பரிசாக வைத்துக்கொண்டு, "முதல்ல பந்து, அப்புறம் லிஃப்ட்" என்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. லிஃப்டே விளையாட்டாக இருக்கும்போது பந்து எதற்கு?

பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் முன்பக்கத்தை நடுவில் கிழித்து இரண்டு கதவாக்கினோம். பக்கத்தில் 1 முதல் 5 வரை எண்கள். அவன் எண்ணை அழுத்துவான், அறிவிப்பான், கதவைத் திறந்து மூடுவான். அவள் பக்கத்தில் தன் சின்னப் பெட்டியோடு உட்கார்ந்து அதையே செய்தாள். சில நாள் இப்படியே போனது. அப்புறம் ஒரு காலையில் அவள் தன் தட்டிலிருந்து கரடியை எடுத்துவந்து அவன் பெட்டிக்கு முன்னால் வைத்தாள். "கரடிக்கு காய்ச்சல். நாலாவது மாடி." அவ்வளவுதான் சொன்னாள். விரல்கள் மடங்கின. ஏழாவது விரலில் அவன் கதவைத் திறந்தான். கரடியை உள்ளே வைத்தது அவள்தான்.

"கதவுகள் மூடப்படுகின்றன. மேலே செல்கிறது. ஒன்று." திறந்தான், மூடினான். "இரண்டு." திறந்தான், மூடினான். அவளுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, நாலு! காய்ச்சல்! நேரா நாலு!" என்று 4-ஐ அழுத்திவிட்டாள். அவன் காதைப் பொத்திக்கொண்டான், உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, "இரண்டு, இரண்டு, இரண்டு" என்றான். வீடியோவில் அப்பா மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்கிறது. அவர் பேசவில்லை, அதற்காக அவருக்கு நான் நன்றி சொன்னேன். 'நிறுத்து' அட்டையை எடுத்துத் தரையில் வைத்தான். அவள் கரடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

அதற்கடுத்த விடுமுறையில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள், நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கத்தான் போகிறது என்றால் ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஆள் காத்திருக்கட்டும். இரண்டில் முயல் ஏறியது. மூன்றில் கை போன பொம்மை. நான்கில் எல்லோரும் டாக்டரைப் பார்க்க இறங்கினார்கள். அவன் வரிசை கலையவில்லை, அவளுக்குக் கதை கிடைத்துவிட்டது. ஐந்தாவது மாடிக்கு யாரும் இல்லாததைப் பார்த்து, "ஐந்து" என்று சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்த்தான். அவள் ஓடிப்போய் இன்னொரு பொம்மையைக் கொண்டுவந்தாள்.

எடுபடாதவை

டேனியல் லெகாஃப் 2004-ல் எழுதிய லெகோ விளையாட்டு முறையில் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார், ஒருவர் கட்டை எடுத்துத் தருவார், ஒருவர் கட்டுவார். பேச்சு ஓரளவு கைவந்த பிள்ளைகளுக்கு அருமையான முறை. இந்த வீட்டில் படத்தைப் பார்த்து விளக்க அண்ணனுக்கும் வரவில்லை, தங்கைக்குப் பொறுமையும் இல்லை. விட்டுவிட்டோம். பகடை விளையாட்டும் போனது, தோற்பது இருவருக்குமே பிடிக்கவில்லை.

உடம்பால் ஆடும் விளையாட்டு உடனே ஒட்டிக்கொண்டது. போர்வையில் ஒருவரை உட்கார வைத்து இழுப்பது, துரத்திப் பிடிப்பது. இதில் பேச்சும் வேண்டாம், கற்பனையும் வேண்டாம், மூன்று வயதுவரை அவர்களிடம் இருந்த பழைய விளையாட்டே திரும்பி வந்த மாதிரி. ஆனால் சீக்கிரம் சூடேறிவிடும் என்பதால் 'நிறுத்து' அட்டை இங்கேதான் அதிகம் தேவைப்பட்டது.

கடித்த சம்பவமும் நடந்தது. அவன் மூடிகளை அவள் சொல்லாமல் எடுத்தாள், அவன் அவள் கையைக் கடித்துவிட்டான். ஏற்கெனவே பேசி வைத்திருந்தபடி அம்மா முதலில் தங்கையிடம் போனார், கையைப் பார்த்தார், "வலிக்குதுல்ல" என்றார். அவனை அமைதியான அறைக்கு அப்பா கூட்டிப்போனார், அங்கே அறிவுரை எதுவும் இல்லை. "அவன் தெரியாம பண்ணிட்டான்" என்று அவளிடம் அன்று யாரும் சொல்லவில்லை. வலித்தது அவளுக்கு, கோபப்பட அவளுக்கு இடம் வேண்டும்.

இப்போது

இருவரும் எப்போதும் சேர்ந்தே விளையாடுகிறார்களா என்றால் இல்லை. சில நாள் பத்துப் பதினைந்து நிமிடம், சில நாள் ஒன்றுமே இல்லை. நிமிடங்களை எண்ண வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லியிருந்தேன். பழைய வீடியோவையும் புதிய வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் வித்தியாசம் வேறு: அவன் ஆரம்பித்து வைக்கும் விளையாட்டு கூடியிருக்கிறது, பெரியவர்கள் குரல் கிட்டத்தட்ட காணாமல் போயிருக்கிறது. "கதவுகள் திறக்கின்றன" என்று அவன் பக்கத்தில் வந்து நின்றால் அவள், "இரு, முயலுக்கு சட்டை போட்டுட்டு வர்றேன்" என்கிறாள். சில சமயம், "இப்ப வேணாம் அண்ணா" என்கிறாள். அவன் போய்விட்டு அப்புறம் வருகிறான்.

பாட்டி ஒரு நாள் அவள் காதுபடவே, "நாளைக்கு எங்களுக்கப்புறம் இவதான் அவன பாத்துக்கணும்" என்றார். ஐந்து வயதுப் பிள்ளை தலையில் அந்தச் சுமையை இப்போதே ஏற்ற வேண்டாம் என்று அம்மாவே தன் அம்மாவிடம் பேசினார். உடன்பிறந்தவர்களுக்கென்று டான் மேயர் அமெரிக்காவில் தொடங்கிய சிப்ஷாப் போன்ற கூடுகைகளில் இதே சுமையைப் பற்றித்தான் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள், நடுநடுவே விளையாடிக்கொண்டும்.

இதைப் படித்துவிட்டுத் தன் வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆட்டிசம் உள்ள குழந்தையின் தம்பி தங்கைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று 2024-ல் வெளியான சாலி ஓசோனாஃப் குழுவின் பெரிய ஆய்வு சொல்கிறது. ஆகவே மற்றவளைப் 'பிரச்சினை இல்லாதவள்' என்று முடிவு கட்டிவிட்டு அவளிடமே எல்லா அனுசரிப்பையும் கேட்காதீர்கள். இருவருக்கும் ஆட்டிசம் இருந்து, இருவருக்கும் வெவ்வேறு வரிசை வேண்டும் என்றால் இந்த லிஃப்ட் திட்டம் அப்படியே நடக்காது, அங்கே இரண்டு மூலைகளும் நடுவில் ஒரு பொது இடமும் என்று வேறு மாதிரி ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வீட்டில் அடுத்த வேலை தங்கையின் பள்ளித் தோழி. அவள் வீட்டுக்கு வர வேண்டும் என்று தங்கைக்கு ஆசை, அண்ணன் என்ன செய்வானோ என்று அம்மாவுக்குப் பயம். இப்போதைக்குப் பேசி முடிவெடுத்தது இது: தோழி வரும் நாளும் நேரமும் அவனுக்கு முன்கூட்டியே படமாகக் காட்டப்படும், லிஃப்ட் பெட்டி அவன் அறைக்குப் போய்விடும், அன்று அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் தங்கைக்கு இல்லை. அவனே பெட்டியைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தால் யாரும் தடுக்கவும் கூடாது. கரடியை ஏற்றுவதா வேண்டாமா என்பதை அவர்கள் மூவரும் பார்த்துக்கொள்வார்கள்.